பழைய லெகோ கட்டைகள் இன்றைய கட்டைகளோடு பொருந்துமா?

கீழக்கரை வீட்டுப் பரணில் கிடைத்த, உங்கள் வாப்பா வளைகுடாவிலிருந்து வாங்கிவந்த லெகோ கட்டைகளைப் பிள்ளைகளின் புதிய கட்டைகளோடு சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். மேற்புறக் குமிழ்களை உட்புறக் குழாய்கள் இறுகப் பற்றிக்கொள்ளும் அமைப்புக்கு டென்மார்க்கின் பில்லுண்டைச் சேர்ந்த அந்நிறுவனம் 1958 ஜனவரியில் காப்புரிமை கோரியது. அடிப்படை அளவுகள் அன்றிலிருந்து மாறாததால், சிறுவயதில் உங்கள் விரல்கள் அறிந்த அதே இறுக்கத்தை உங்கள் பிள்ளைகளும் உணர்வார்கள் என்பதே, என் பார்வையில், இந்தப் பொம்மையின் ஆகப் பெரிய சிறப்பு. 1963 முதல் பயன்பட்டுவரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை நம் கடற்கரையின் உப்புக்காற்று அரிப்பதில்லை. வெயில்தான் வெள்ளைக் கட்டைகளை மஞ்சளாக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் பட்டால் வடிவம் கோணிவிடும்.