70 மி.மீ. டெலஸ்கோப்புக்கு அடுத்து 6 அங்குலமா, 8 அங்குலமா?

காட்பாடியில் இருப்பதாகவும், ஒரு வருஷமாக 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பில் நிலாவும் வியாழனும் பார்த்துவிட்டதாகவும், அடுத்து 6 அங்குலம் வாங்குவதா 8 அங்குலமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

6 அங்குல டாப்சோனியன் (பெட்டியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி டெலஸ்கோப்) வாங்குங்கள். கீழ்த்தளத்தில் வீடு, கைகொடுக்க ஒரு ஆள், பின் சீட்டை மடக்கக்கூடிய கார், இந்த மூன்றும் இருந்தால் மட்டும் 8. எனக்கு மூன்றுமே கிடையாது. சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படி.

அங்குலம் என்பது கண்ணாடியின் விட்டம்: 6 அங்குலம் சுமார் 150 மி.மீ., 8 அங்குலம் சுமார் 200 மி.மீ. வெளிச்சத்தைச் சேர்ப்பது கண்ணாடியின் பரப்பு. 70 மி.மீ.யிலிருந்து 150 மி.மீ.க்குப் போனால் நாலரை மடங்கு வெளிச்சம் வரும். 150-லிருந்து 200-க்குப் போனால் கிடைப்பது 1.8 மடங்குக்கும் குறைவு. எடையோ, 8 அங்குலத்தில் குழாயும் அடிப்பெட்டியும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டிவிடும். பெரும்பாலும் இரண்டுக்கும் குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து பிம்பம் விழும் இடம் வரை உள்ள தூரம்) 1200 மி.மீ.தான். 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டால் இரண்டிலும் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு.

நான் ஏமாந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கியது 114 மி.மீ. கண்ணாடி, 1000 மி.மீ. குவியத்தூரம் என்று போட்டிருந்த ஒன்று. குழாயின் நீளம் அரை மீட்டர்தான் இருந்தது. ஐபீஸ் செருகும் இடத்திலேயே ஒரு லென்ஸை ஒளித்து வைத்துக் குவியத்தூரத்தை நீட்டியிருந்தார்கள். சனியின் வளையம் ஒரு நாளும் கூர்மையாக வரவில்லை. பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்கும் மாடலில் குழாய் குவியத்தூரத்தில் பாதிதான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

அதோடு வந்தது ஈக்வடோரியல் ஸ்டாண்ட், வானம் நகரும் போக்கிலேயே குழாயைத் திருப்பும் தாங்கி. அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். வேலூரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் அதை முழுசாக மறைக்கும். டாப்சோனியனில் இந்தத் தொல்லை இல்லை; மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் குழாயைக் கையால் தள்ளினால் போதும். இதை உருவாக்கிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். சாதாரண மக்கள் தெருவில் நின்று வானம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எளிமையாகச் செய்தார்.

எதை வாங்கினாலும் நம்ம ஊர் வெயிலை மறக்காதீர்கள். பகலெல்லாம் காய்ந்த தளம் நடுராத்திரி வரை அனல் விடும். வியாழனின் பட்டைகள் கானல் மாதிரி நெளியும். சாயங்காலமே தளத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியே வைத்துக் கண்ணாடியை ஆறவிடுங்கள்.

6 அங்குலம் போதும் என்று எனக்கு உறுதியானது ஜவ்வாது மலையில்தான். ஒரு மே மாத அமாவாசையில் ஜமுனாமரத்தூர் பக்கம், நண்பரின் 8 அங்குலத்தையும் என் 6 அங்குலத்தையும் அருகருகே வைத்து ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பார்த்தோம். இரவு பத்து மணிக்குத் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நின்றது. சின்ன டெலஸ்கோப்பில் விபூதி தீற்றியது போலத் தெரிந்த அதே கொத்து, என் 6 அங்குலத்தில் கறுப்புக் கம்பளியில் ரவையைக் கொட்டியது போல மணி மணியாகப் பிரிந்தது. நேராகப் பார்த்ததைவிடக் கடைக்கண்ணால் பார்த்தபோது இன்னும் பெருகியது. 8 அங்குலத்தில் ரவை இன்னும் நெருக்கம், நடுப்பகுதி இன்னும் பிரகாசம், மறுக்கவில்லை. ஆனால் அதே 6 அங்குலத்தில் சத்துவாச்சாரி மாடியிலிருந்து பார்ப்பதற்கும் அங்கே பார்ப்பதற்கும் இருந்த வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரிது. வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்காக இதே மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் இருட்டுக்காகவும் தென்வானத்துக்காகவும்தான். 1986 முதல் 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஹெட்லைட்டை வானத்தில் அடிக்காதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல 32 மி.மீ. ஐபீஸும், கண்ணாடியை நேராக்கும் கொலிமேஷன் கருவியும் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மூடி போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, விளக்கில்லாமல், உங்கள் வீட்டுப் படியில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தால் 8 அங்குலமே வாங்கிக்கொள்ளுங்கள்.