34 சதவீதத்தைக் கடையில் கொடுத்துக் குறைக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்கிறேன். தருமபுரி மாவட்ட நடுகற்கள் பற்றிய ஆய்வேடு. சமர்ப்பிக்கும் முன் நூலகத்தில் மென்பொருளில் சோதித்ததில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 34 சதவீதம். நெறியாளர் ‘பத்துக்குக் கீழே கொண்டு வாங்க’ என்று மட்டும் சொல்கிறார். தருமபுரியில் ஒரு தட்டச்சுக் கடையில் 6,000 ரூபாய்க்குக் குறைத்துத் தருகிறார்களாம். கொடுக்கலாமா? ஆங்கில நூலிலிருந்து நானே தமிழில் எழுதிய பகுதிகளுக்கும் மூலம் காட்ட வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள். இத்தகைய கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: உங்கள் கோப்பை மென்பொருளில் போட்டு ஆங்கிலமாக்கி, திரும்பத் தமிழாக்குவார்கள். சதவீதம் இறங்கும். தொறுப்பூசல் (ஆநிரை கவரும் பூசல்), வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துமுறை) போன்ற சொற்களெல்லாம் உருக்குலைந்து, நீங்களே படித்தாலும் விளங்காத வாக்கியங்கள் கைக்கு வரும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ‘இந்த வரிக்கு என்ன பொருள்?’ என்றால் கடைக்காரரா வந்து பதில் சொல்வார்? மென்பொருளை ஏமாற்ற, சிலர் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளை நிறத்தில் எழுத்துகளைச் செருகுவார்கள், சிலர் பக்கத்தையே படமாக ஒட்டுவார்கள். அகப்பட்டால் அது கவனக்குறைவு ஆகாது, மோசடி. அவர்கள் சோதிக்கும் மென்பொருளின் தரவுத்தளத்தில் உங்கள் ஆய்வேடு சேமிப்பாகிவிட்டால் இன்னும் மோசம்: பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

34 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. நீங்கள் இன்னும் சமர்ப்பிக்கவே இல்லை.

நூலகத்தில் முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மூலம் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரக்கூடாது என்று விதியே சொல்கிறது. பல இடங்களில் அதைக் கழிக்காமலே எண்ணைக் கையில் கொடுத்து ஆளை மிரட்டுகிறார்கள். கழித்த பின்னும் வண்ணம் பூசியிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படியே வேண்டிய வரிக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். கருத்து மட்டும் போதுமென்றால் நூலை மூடிவைத்து உங்கள் நடையில் எழுதி, மூலத்தைச் சுட்டுங்கள். மிச்சத்தை நீக்கிவிடுங்கள். நெறியாளர் முதல் இயல் எழுதும்போதே சொல்லித் தந்திருக்க வேண்டிய வேலை இது. கடைசி மாதத்தில் எண்ணை மட்டும் காட்டி விரட்டுவது என்ன வழிகாட்டுதல்?

‘தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை எடுக்கலாம்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. பொது அறிவுச் செய்தியோ தற்செயலான சொற்றொடரோ 14 சொற்கள் வரை ஒத்திருந்தால் ஒப்புமையில் சேர்க்க வேண்டாம் என்பதுதான் விதி. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது என்று யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குத்தான் அந்த விலக்கு. ஒருவருடைய வாதத்தைப் பதின்மூன்று பதின்மூன்று சொல்லாக வெட்டி, நடுவே ஒரு சொல்லை மாற்றி ஒட்டினால் அதுவும் திருட்டுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் பழமை கி.மு. 2172 என்பது ஒரே வரிதான், ஆனால் அகழாய்வின் முடிவு. அதற்கு மூலம் கட்டாயம் வேண்டும்.

நடுகல்லில் பொறித்திருப்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் தேய்ந்த வட்டெழுத்தைப் படித்து அதன் வாசகத்தை அமைத்தது ஒருவரின் உழைப்பு. தொல்லியல் துறைத் தொகுதியிலிருந்து எடுத்தால் தொகுதியையும் கல்வெட்டு எண்ணையும் தாருங்கள். நீங்களே மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுத்துப் படித்திருந்தால் ஊரையும் தேதியையும் எழுதுங்கள்.

தமிழாக்கிய பகுதிகளுக்கும் மூலம் கட்டாயம். மொழி மாறியதால் மென்பொருள் தவறவிடலாம்; அந்த ஆங்கில நூலைப் படித்த தேர்வாளர் தவறவிட மாட்டார். நூலின் பெயர், பக்க எண்ணோடு ‘தமிழாக்கம்: ஆய்வாளர்’ என்று அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.