திரும்பிப் பார்க்கிறார்

அன்புள்ள ஐயா,

வேலைக்கு நடுவே ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன். ஓர் அப்பாவும் கல்யாணம் நிச்சயமான மகளும் மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குக் காரில் போகிறார்கள். முக்கால்வாசிப் படம் காருக்குள்ளேயே நடக்கிறது. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது, கார் நண்பனுடையது. எந்தக் கேமரா நல்லது? கிரீன் மேட்டா (நின்ற காருக்குப் பின்னால் பச்சைத் திரை கட்டி, ரோட்டைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பது), ஓடும் வண்டியா? அப்பாவாக நடிப்பவர் நன்றாகக் கார் ஓட்டுவார். ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமி காரிலேயே முழுப் படம் எடுத்திருக்கிறார் என்ற தைரியத்தில் இறங்குகிறேன். ஸ்கிரிப்டில் இரண்டு பக்கம் இணைத்துள்ளேன்.

எஸ்., திருநகர்

அன்புள்ள எஸ்.,

போன வாரம்தான் அதே ரோட்டில் மச்சினனோடு காரில் போனேன். ஒரு கிணற்றுப் பங்கு விவகாரத்தில் இரண்டு வருடமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் அவனாகவே ஆரம்பித்தான், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது. அந்த நினைப்பிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

கேமராவை விடுங்கள். கியரோஸ்தமி 2002இல் 'டென்' படத்தை டாஷ்போர்டில் வைத்த சின்ன டிஜிட்டல் கேமராக்களால் எடுத்தார். நண்பர்களில் யாரிடம் எது இருக்கிறதோ அது போதும். கிரீன் மேட் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பச்சை தெரியும், சட்டைக் காலரில் பச்சை அடிக்கும். அதைத் துடைக்கவே உங்கள் பணம் போய்விடும்.

நடிகரே ஓட்டுவார் என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஓட்டுவார், சரி. வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே கேமராவை ஒட்டிக்கொண்டு ஓட்டுவாரா? இரண்டே பக்கத்தில் ஏழு இடங்களில் 'அப்பா மகளைத் திரும்பிப் பார்க்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணினேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். உங்கள் அப்பா பாசத்தோடு மூன்று நொடி பார்த்தால் 50 மீட்டர் குருட்டாம்போக்கில் போகிறார். அந்த ரோட்டில் அந்த 50 மீட்டருக்குள் ஓர் ஆட்டு மந்தையே வந்துவிடும்.

கதையை ராத்திரிக்கு மாற்றுங்கள். தெருவிளக்கு எட்டாத தோப்பில் காரை நிறுத்துங்கள். பின் பம்பருக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்து ஒரு பையன் அவ்வப்போது அழுத்தட்டும். லேசாக. நீங்கள் எடுப்பது மாட்டுவண்டி அல்ல. இன்னொருவர் கையில் எல்ஈடி விளக்கோடு காரின் முன்பக்கமிருந்து பின்பக்கம் நடந்தால் அதுதான் எதிரே வரும் லாரி. பின் கண்ணாடிக்குத் தூரத்தில் இரண்டு சின்ன விளக்குகள் மெல்ல நெருங்கினால் அதுதான் பஸ். வண்டி நிஜமாகவே ஓட வேண்டிய ஷாட்டுக்கு, நடிகரின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு டிரைவர் ஓட்டட்டும். நீங்கள் பின் சீட்டிலிருந்து எடுங்கள், முதுகுக்கு யாரும் அடையாளம் கேட்க மாட்டார்கள். பகலில்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தால் ஒன்று: சாயங்காலம் உசிலம்பட்டி நோக்கிப் போகும்போது வெயில் முகத்தில் விழும், மதுரைக்குத் திரும்பும்போது பிடரியில் விழும். ஒவ்வொரு டேக்குக்கும் புறப்பட்ட இடத்துக்கே வந்து மறுபடி கிளம்புங்கள். வசனம் பேசும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். ஆகவே சித்திரை மாதம் வேண்டாம்.

எங்கள் அப்பா வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினார். அந்தக் காலத்து அம்பாசடரில் கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும், முன் சீட்டு ஒரே நீளமான பெஞ்சு. எனக்குப் பதினொரு வயது. தேனியில் சவாரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும், "வண்டியக் குடுத்தாச்சுடா. திங்கக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க" என்றார். நான் புளியமரங்களில் அடித்திருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போய், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். கியரை மாற்றினார். உசிலம்பட்டி வரும்வரை அவ்வளவுதான் பேச்சு.

அவர் திரும்பிப் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அதை வீட்டில் சொல்லாமல் வண்டியில் சொன்னார். உங்கள் அப்பா ஏன் ஏழு முறை திரும்புகிறார்? பாசம் பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயத்தை நடிகர் கழுத்தில் ஏற்றுகிறீர்கள். ஏழில் ஆறை அடித்துவிடுங்கள். இருவரும் நேரே பார்த்தபடியே பேசட்டும், மகள் வேண்டுமானால் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கட்டும். அப்புறம் ஆளுக்கொரு ஷாட்டாக வெட்டி வெட்டி எடுக்கவும் தேவையில்லை. நின்ற வண்டியில், பேனட்டின் நடுவே ஒரு கேமரா, இரண்டு முகமும் ஒரே சட்டகத்தில். அரை நாள் மிச்சம், அரை நாள் செலவும் மிச்சம்.

எங்கள் அப்பாவும் அன்று ஒருமுறை திரும்பினார். உசிலம்பட்டியில் ஒரு கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்த பிறகு. "முட்டை பரோட்டாவா, சாதாவா?" என்று கேட்டார்.

மகளின் கல்யாணம் நிற்கிறதா நடக்கிறதா என்று இந்த இரண்டு பக்கத்தில் தெரியவில்லை. ஆறையும் அடித்துவிட்டு மீதிப் பக்கங்களை அனுப்புங்கள்.

அன்புடன்