ரெனசான்ஸ் ஃபேர் லவ் ஸ்டோரில பிரிவு எப்படி கொண்டு வர்றது

17 வயசு ஹீரோயின், அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பிரிஸ்டல் ரெனசான்ஸ் ஃபேர்ல (பழைய காலத்து ஐரோப்பா மாதிரி வேஷம் போட்டு நடத்தற திருவிழா) சம்மர் வேலை, ஜவுஸ்டிங் (குதிரைல வந்து ஈட்டியால மோதற விளையாட்டு) பண்ற பையனோட லவ், ஆனா பிரிக்க காரணம் கிடைக்கலன்னு கேட்டிருந்தீங்க. பழைய கேர்ள்ஃப்ரெண்ட் திரும்பி வர்ற ஐடியாவ தூக்கிடுங்க ப்ளீஸ், கொட்டாவி வருது.

காரணம் காலண்டர்லயே இருக்குங்க. அந்த ஃபேர் ஜூலைல ஆரம்பிச்சு லேபர் டேயோட, அதாவது செப்டம்பர் முதல் திங்கக்கிழமையோட முடிஞ்சிடும், இந்த வேலைல இருக்கற நிறைய பேர் ஊர் ஊரா போறவங்க, அக்டோபர்ல டெக்சாஸ் ஃபேர் தொடங்கிடும், அதனால அவன் குதிரைய ட்ரெய்லர்ல ஏத்திட்டு கிளம்பியாகணும், இவளுக்கு ஸ்கூல் திறந்துடும். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, அதான் வலிக்கும்.

அப்புறம் அந்த ஃபேர்ல நடிச்சுக் காட்டற கதை நடக்கறது 1574ல, முதலாம் எலிசபெத் ராணி இங்கிலாந்துல இருக்கற பிரிஸ்டலுக்கு வந்த நாள், நடிகர்கள் ஜனங்க முன்னாடி கேரக்டர்லயே தான் பேசுவாங்க. ஸோ அவன் கூட்டத்துக்கு நடுவுல இவகிட்ட வழியறது நடிப்பா நெஜமான்னு இவளுக்கே தெரியாது, இத நல்லா இழுங்க. கடைசி லேபர் டேய தவிர ஃபேர் வீக்கெண்ட்ல மட்டும்தான், அதனால திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் டிஷர்ட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னும் காட்டுங்க.

பையன் வயசு 17, 18னா கவசம் போட்ட நைட்டா, அதாவது குதிரை வீரனா வைக்காதீங்க, அவனுக்கு ஈட்டி எடுத்துக் குடுக்கற ஸ்கொயரா, அதாவது உதவியாளனா வைங்க, நம்பற மாதிரி இருக்கும்.