பலமான அணிக்கு எதிரே ஹர்லிங்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கால்பந்தில் சின்ன அணிகள் கோல் வாசலில் கூட்டமாக நின்று டிரா வாங்கிவிடுகின்றன. மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்தின் ஹர்லிங்கில் அந்த வித்தை ஏன் எடுபடுவதில்லை?

பதில்: குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், அதாவது 3 பாயிண்ட். மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனாலும் 1 பாயிண்ட் உண்டே! மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். கைதேர்ந்தவர்கள் 65, 70 மீட்டரிலிருந்தே பாயிண்ட் அடிப்பார்கள். நீங்கள் ஆட்களை வாசலில் குவித்தால், எதிரணியின் ஹாஃப் பேக் (தடுப்பாட்டக்காரர்களில் முன்வரிசையில் நிற்பவர்) பந்தைக் கையில் எடுத்து, நிமிர்ந்து பார்த்து, சாவகாசமாக அடிப்பார். கோல் விழாது, பாயிண்டாக விழுந்து தள்ளும். தடுக்க வேண்டியது அடிப்பவரின் மட்டை வீச்சை. அவருக்கு இரண்டு விநாடி அவகாசம் கிடைத்துவிட்டால், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் வேடிக்கைதான் பார்க்கலாம்.

கேள்வி: அப்படியானால் ஸ்வீப்பர், அதாவது பின்னால் கூடுதலாக ஒரு தடுப்பாட்டக்காரர், வைப்பது வீண்தானா?

பதில்: வீண் இல்லை, ஆனால் இலவசமும் இல்லை. டெரெக் மெக்ராத் பயிற்சியளித்த வாட்டர்ஃபோர்ட் அணி, டைக் டி பூர்காவை ஸ்வீப்பராக வைத்து 2015 தேசிய லீகை வென்றது. அதே வாட்டர்ஃபோர்ட் 2016 மன்ஸ்டர் மாகாண இறுதியில் டிப்பரரியிடம் 5-19க்கு 0-13 என்று நொறுங்கியது. (முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட். வித்தியாசம் 21.) ஸ்வீப்பர் என்றாலே முகம் சுளிக்கும் பழைய ரசிகர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு மட்டும்தான் நினைவிருக்கும்.

ஸ்வீப்பருக்கான ஆளை முன்களத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போது அவரைக் காவல் காத்துக்கொண்டிருந்த எதிரணித் தடுப்பாட்டக்காரரும் சும்மாவாகிவிடுகிறார். நீங்கள் நீளமாக அடிக்கும் ஒவ்வொரு பந்தும் அவர் கைக்கே போகும். ஆகவே யாரைச் சும்மா விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எதிரணியின் பின்வரிசையில் தூர அடி சரியாக வராதவர் யாரோ, அவருக்கு எதிரே நிற்கும் உங்கள் ஆளைப் பின்னால் இழுங்கள். நல்ல கை உள்ளவர் மேல் எப்போதும் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும்.

ஸ்வீப்பர் நிற்க வேண்டிய இடம் ஃபுல் பேக்குக்கு (கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு) 15, 20 மீட்டர் முன்னால். பயத்தில் அவர் மெல்ல மெல்லப் பின்வாங்கி நான்காவது ஃபுல் பேக்காக ஆகிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. அவர் விட்டுவந்த இடத்திலிருந்துதான் அடுத்த பாயிண்ட் வரும்.

கேள்வி: டப்ளினில் ஒரு கிளப்பின் இளையோர் அணிக்கு உதவுகிறேன். எங்கள் கோல்கீப்பர் அடிக்கும் பக்-அவுட் (எதிரணி பாயிண்டோ கோலோ அடித்த பிறகும், அடி வெளியே போன பிறகும் ஆட்டத்தைத் தொடங்கும் அடி) எல்லாம் எதிரணிக்கே போகிறது. என்ன செய்வது?

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2025 அகில அயர்லாந்து கால் இறுதியில் டப்ளின், சிவப்பு அட்டையால் 14 பேராகக் குறைந்த பிறகும் லிமெரிக்கை 2-24க்கு 0-28 என்று வீழ்த்தியது. லிமெரிக்கின் 28 பாயிண்டுக்கும் பிறகு பந்து டப்ளின் கோல்கீப்பரிடம்தான் வருகிறது. வெளியே போன அடிகள் தனிக் கணக்கு. பலவீனமான அணிக்கு உறுதியாகக் கைக்கு வரும் பந்து பக்-அவுட் பந்துதான்.

மூன்று தூரங்களையும் பழகுங்கள். குட்டை அடி, மூலையில் ஒதுங்கி நிற்கும் கார்னர் பேக்குக்கு. அதை எதிரணி நெருக்கினால் நடுத்தர அடி, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும் ஹாஃப் பேக்குக்கு. இரண்டும் அடைபட்டிருந்தால் மட்டும் நீள அடி. குட்டை அடியில் அணிகள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கார்னர் பேக் பந்தை வாங்கிய பிறகு அடுத்தது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. அவர் நெருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் விளாசுவார், எதிரணியின் சும்மா நிற்கும் ஆள் வாங்கிக்கொள்வார். வாங்குபவருக்கு உள்பக்கமாக இன்னொருவர் வந்து நின்றால்தான் குட்டை அடிக்கு அர்த்தம்.

நீள அடியில், உயரத்தில் பிடிக்கும் போட்டியில் உங்கள் ஆள் ஜெயிக்கத் தேவையில்லை. எதிராளி சுத்தமாகப் பிடிக்காமல் பந்தைத் தட்டிவிட்டாலே போதும். அவருக்கு நாலைந்து மீட்டர் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் சிதறும் பந்துக்குத் தயாராக நிற்கட்டும். மூன்று பேரும் சேர்ந்து குதித்தால் கீழே விழும் பந்து எதிரணிக்குத்தான். எதிரணி பாயிண்ட் அடித்த மகிழ்ச்சியில் இருக்கும்போதே பந்தை வைத்து அடித்துவிடும் வேகமும் வேண்டும். அவர்கள் இடம் பிடித்து நின்ற பிறகு எந்தத் திட்டமும் பாதிதான் பலிக்கும்.

கேள்வி: பலசாலிகளை ஃபவுல் செய்யாமல் எப்படி நிறுத்துவது?

பதில்: 65 மீட்டருக்குள் ஃப்ரீ (ஃபவுலுக்கு எதிரணி பெறும் தடையில்லா அடி) கொடுத்தால் ஒரு பாயிண்ட் போனதாகவே எழுதிவையுங்கள். பின்னாலிருந்து துரத்தும்போது உடம்பால் மோதாதீர்கள். மட்டையை ஒரு கையில் முழுக்க நீட்டி, அவர் மட்டை இறங்கி வரும் வழியில் காட்டுங்கள். இதுதான் ஹூக். எதிரே நின்றால் முடிந்தவரை நெருங்கிப் போய் மட்டையோடு மட்டை சேர்த்துத் தடுக்க வேண்டும். பாதி தூரத்தில் தயங்கி நின்றால்தான் விரல் உடையும். கோல் வாய்ப்பை 20 மீட்டர் கோட்டுக்குள் இழுத்துப் பிடித்தோ தடுக்கிவிட்டோ கெடுத்தால், பெனால்டியோடு 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: எட்டுப் பாயிண்ட் பின்தங்கினால் கோலுக்கே அடிக்கலாமா?

பதில்: இருபது நிமிடம் இருக்கும்போது வேண்டாம். 20 மீட்டர் ஃப்ரீயைக் கோலுக்கு அடித்தால் கோட்டில் வரிசையாக நிற்பவர்கள் தடுத்துவிடுவார்கள், கிடைத்திருக்கக்கூடிய பாயிண்டும் போச்சு. முன்னால் ஆட்களை அள்ளிக்கொண்டு போவதிலும் ஆபத்து உண்டு. பின்வரிசை ஒற்றைக்கு ஒற்றையாக மாட்டிக்கொள்ளும். லிமெரிக்கை வென்ற அதே டப்ளின் அடுத்த ஆட்டத்தில் கார்க்கிடம் 7-26க்கு 2-21 என்று தோற்றது. பாயிண்டில் மட்டும் பார்த்தால் வித்தியாசம் 5தான், மற்றதெல்லாம் கோலில் போனது. கடைசி ஐந்து நிமிடத்தில் வேறு வழியில்லை என்றால், உயரமான ஒருவரைக் கோல் முன்னால் நிறுத்தி உயரப் பந்து போடுங்கள். சிதறலுக்கு இருவர் ஓடி வரட்டும். ஒருவரை மட்டும் 20 மீட்டர் கோட்டிலேயே நிறுத்தி வையுங்கள். விரட்டியடித்த பந்து பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும்.