கப்பல், படகு வழக்கு: எந்த வக்கீலைப் பார்ப்பது?

தூத்துக்குடி வாசகர்: தம்பிக்குச் சரக்குக் கப்பலில் ஏழு மாதச் சம்பளம் பாக்கி. உள்ளூர் வக்கீல் போதுமா சார்?

போதாது. கப்பலை அரெஸ்ட் செய்ய, அதாவது துறைமுகத்தை விட்டுக் கிளம்பாமல் பிடித்து வைக்க, உத்தரவிடுவது உயர் நீதிமன்றம். கப்பல் தமிழ்நாட்டுத் துறைமுகத்தில் நின்றால் சென்னை, கொச்சியில் நின்றால் கேரளம். கப்பல் வழக்குகளுக்கான 2017 அட்மிரால்டி சட்டப்படி சம்பளப் பாக்கிக்குக் கப்பல் மீதே முன்னுரிமை உண்டு. உரிமையாளர் கப்பலை வேறொருவருக்கு விற்றாலும் அந்த உரிமை போகாது, ஆனால் 2 வருடத்துக்குள் அரெஸ்ட் நடந்திருக்க வேண்டும். வக்கீலிடம், கடைசியாக எந்தக் கப்பலுக்கு உத்தரவு வாங்கினார் என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள். கப்பலின் அடையாள எண்ணான ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணையும் கொடுங்கள். பெயரை அழித்து வேறு எழுதினாலும் அந்த எண் மாறாது. முக்கியம்: 'முழுத் தொகையும் பெற்றேன்' என்ற தாளில் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.

நாகப்பட்டினம்: விசைப்படகு மூழ்கியது, இன்சூரன்ஸ் தரமாட்டேன் என்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருடத்துக்குள். படகின் விலை பெரிது என்று மாநில ஆணையத்துக்குப் போகாதீர்கள், எந்த ஆணையம் என்பதற்குக் கட்டிய பிரீமியம்தான் கணக்கு. சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயரின் அறிக்கை நகலை வாங்குங்கள். செட்டில்மென்ட் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

ராமேஸ்வரம்: இலங்கை பிடித்த படகை மீட்க இங்கே வழக்குப் போடலாமா அண்ணே?

வழக்கு நடப்பது அங்கே, வக்கீலும் அங்கேதான் வேண்டும். உரிமையாளர் பதிவுப் பத்திரத்தோடு ஆஜராகாவிட்டால் படகு அரசுடைமை ஆகிவிடும். மீன்வளத் துறை வழியாக யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்தை உடனே அணுகுங்கள்.

குளச்சல்: 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியதற்கு வேறு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்தார்களே, நியாயமா?

நியாயம்தான். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. கடலடியில் கிடக்கும் கப்பலை ஜப்தி செய்து யாருக்கு என்ன லாபம்? அதே உரிமையாளரின் இன்னொரு கப்பலைப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஜூலையில் எம்எஸ்சி அகிடெட்டா 2 அரெஸ்ட் ஆனது.

குளச்சல்: இரண்டும் வேறு வேறு கம்பெனி பெயரில் இருந்தால்?

சண்டையே அங்கேதான். கப்பலுக்கு ஒரு கம்பெனி தொடங்குவது இத்தொழிலில் வழக்கம். பின்னால் இருப்பது யார் என்று காட்ட வேண்டும். இதற்குத்தான் பதிவேட்டைத் தோண்டத் தெரிந்த வக்கீல் வேண்டும் என்கிறேன். எல்சா 3 விபத்தால் வலை கிழிந்தவரும் தொழில் இழந்தவரும் தங்கள் கணக்கை இப்போதே எழுதி வையுங்கள்: ஏல ரசீது, டீசல் பில், வலையின் படம்.

கடலூர்: அண்ணனுக்குக் கப்பல் சம்பளம் வரவில்லை, யாரைப் பார்க்க?

முதல் பதிலைப் படியுங்கள்.

காரைக்கால்: எனக்கும் சம்பளப் பாக்கி. ஏஜென்ட் ஏதோ தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். இன்றே வக்கீலைப் பாருங்கள், கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது.