பனம்பாத்தி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,
கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இலையுதிர்காலத்தில் சிறு பிள்ளைகளுக்குச் செய்விக்க ஒரு பட்டியல் கிடைத்தது: மேப்பிள் இலை பொறுக்கி நிறம் பிரித்தல், ஓக் கொட்டை எண்ணுதல், பூசணிக்குள் விதை தோண்டுதல். விரல் பலமும் கவனமும் வளருமாம். இங்கே அந்தக் காலமே இல்லையே. கலர்ப் பேப்பரில் இலை வெட்டிக் கொடுத்தால் போதுமா? மூன்று வயதிலேயே ஏபிசிடி எழுதப் பழக்கு என்று பெற்றோர் வேறு நெருக்குகிறார்கள்.
— ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

கத்தரிக்கோலைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு. நீங்களே வெட்டிக் கொடுத்தால் அதன் விரலுக்கு அங்கே வேலையே இல்லை. ஏபிசிடி ஓடிப்போகாது, விடுங்கள்.

பட்டியலில் பிழையில்லை. அந்த நாடுகளில் பகல் குறுகிக் குளிர் வர, பச்சையம் சிதைந்து இலையின் மஞ்சள் வெளியே தெரிகிறது. அந்த ஊர்ப் பிள்ளை தன் முற்றத்தில் கிடப்பதைப் பொறுக்குகிறது. உங்கள் முற்றத்தில் என்ன விழுகிறது? ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் தொம்மென்று விழுகிற சத்தத்தில் கண்விழித்த பிள்ளைதானே நீங்களும்! அதை மறந்து பேப்பர் இலை கேட்பது எனக்குக் கோபமாக இருக்கிறது.

பழத்தைப் பிய்த்தால் உள்ளே ஒரு கொட்டையா, இரண்டா, மூன்றா? முதலில் ஊகிக்கட்டும், பிறகு எண்ணட்டும். தண்ணீர் விட்டுத் தும்பைப் பிசையட்டும். பிசைந்து பிசைந்து களி இறங்கும்போது உள்ளங்கையும் பத்து விரலும் படுகிற பாட்டை எந்தக் களிமண் பொம்மையும் தராது. சட்டையில் மஞ்சள் பிடிக்கும் என்று கையைத் தட்டிவிடுகிற தாய்மாருக்கும் சொல்லுங்கள்: பழைய சட்டை போட்டு அனுப்பட்டும். பிசைய வேண்டியது பிள்ளை. நீங்களல்ல, தாயுமல்ல. பிள்ளை.

ஒன்று மட்டும். விழுந்து கிடக்கிற பழத்தை, தெரிந்த வளவுக்குள் இருந்து நீங்களே எடுத்து வாருங்கள். பற்றைக் காணிக்குள் பிள்ளைகளை விடவே வேண்டாம். மிதிவெடியைப் பற்றி வன்னியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் கொட்டை. அம்மம்மா மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, கொட்டையைப் புதைத்துப் பனங்கிழங்குக்குப் பாத்தி போடுவா. ஓரத்தில் பத்துக் கொட்டை எனக்கு. முளைத்ததா என்று பார்க்க இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறுவேன். அவ ஏசவில்லை. “உன்ர பாத்தி, உன்ர இஷ்டம்” என்றா. கிளறாமல் இருக்க மழை தொடங்கிய பிறகுதான் பழகினேன். தையில் கிண்டியபோது அவவின் பக்கம் கடகம் நிறையக் கிழங்கு. எனக்கு நாலு. ஒன்றை இழுத்த இழுப்பில் முறித்துவிட்டு அழுதேன். அவ முளைத்த கொட்டையைப் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருந்த பருப்பை, அதுதான் பூரானை, என் வாயில் வைத்தா.

இந்த வருடம் பிள்ளைக்கு ஐந்து கொட்டையாவது கொடுங்கள். கிளறுகிற பிள்ளையை ஏசாதீர்கள். தையில் எத்தனை கிழங்கு என்று எழுதுங்கள்.